பஞ்சு மெத்தையில் படுத்த சேவல்

எனக்குக் கோழி பிடிக்காது. குழம்பில் பிடிக்கும், உயிரோடு பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லப்போவது என் மதினி பாண்டிசெல்வியைப் பற்றி. மதினியைப் பற்றிப் பேசினால் பாதிக்கு மேல் கோழியைப் பற்றித்தான் பேசவேண்டி வரும்.

சோழபுரத்தில் அண்ணன் வீடும் என் வீடும் ஒரே முற்றத்தைப் பார்த்து நிற்கின்றன. அண்ணன் லாரி ஓட்டுகிறவர், ஊரில் இருப்பது குறைவு. எனக்கு ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. காலையில் கடைக்குக் கிளம்பலாம் என்று போனால், பைக் சீட்டில் ஒரு பெட்டை உட்கார்ந்துகொண்டு என்னை வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். நான் கையை ஓங்குவதற்குள் அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வரும். "மெதுவா கொழுந்தனாரே, அது முட்டைக்கு இருக்கு." பைக் என்னுடையதா கோழியுடையதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

மதினி முன்பு மில்லில் வேலை பார்த்தவர். புளோரூம் என்பார்கள், பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினுக்குள் போடுகிற இடம். அங்கே தூசி பறக்காத நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால், சாயந்திரம் நெஞ்சின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருக்கும் என்பார். ஆரம்பத்தில் அது வாரக் கடைசிக்குள் சரியாகிவிடும். பிறகு சரியாகாமல் போனது. மூன்று படி ஏறினால் நிற்க வேண்டியிருந்தது. மூச்சுதான் முக்கியம், வேலையை விடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விட்டார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு, கோழி வளர்க்க ஆரம்பித்தது.

சிறுவிடை என்கிற நாட்டுக் கோழிதான். முட்டை, குஞ்சு, அடைக்கு வைக்கிற பெட்டை என்று எல்லாம் விற்பார். ஆனால் ஊருக்குள் அவருக்குப் பேர் வந்தது விற்பனையால் அல்ல. கோழிக்கு இழுப்பு என்றால் இங்கே எல்லோரும் மதினியைத்தான் தேடி வருவார்கள். சேத்தூரிலிருந்தெல்லாம் பையில் கோழியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். வருகிறவர்கள் மருந்து கேட்பார்கள். மதினி கேள்வி கேட்பார்.

"மருந்து பொறவு. சந்தையில புதுசா ஏதும் வாங்கினியா?"

வாங்கியிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் புது மருமகளைக்கூட வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்துத்தான் உள்ளே விடுவார்கள். சந்தைக் கோழியை மட்டும் கால்கட்டை அவிழ்த்து நேராகக் கூட்டத்துக்குள் விட்டுவிடுவார்கள். மறுவாரம் எல்லாக் கோழியும் தும்மும். மதினி ஏசிக்கொண்டே கோழியைக் கையில் வாங்குவார். முகம் வீங்கி மூக்கில் நாற்றமடித்தால் ஒரு நோய். வாய்க்குள் மஞ்சளாகப் படர்ந்திருந்தால் அம்மை. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போய்க் கழுத்து திருகினால் கழிச்சல். அதற்கு வைத்தியம் கிடையாது, முன்கூட்டியே போடுகிற தடுப்பூசிதான். வாயை மூடிக்கொண்டு நெஞ்சுக்குள் கொறகொறவென்றால் சளி. தெரிந்ததைச் சொல்வார். தெரியாததை ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொல்வார். அங்கே இருக்கும் டாக்டர் யுவராணியின் நம்பர் மதினியின் போனில் அண்ணன் நம்பருக்கு மேலே இருக்கிறது.

பேரிங் போன மோட்டாரைக் கழற்றாமல், சத்தத்தை வைத்தே நான் சொல்லிவிடுவேன். மதினிக்குக் கோழி அப்படி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு தொழில்.

இப்போது சாமி சேவலுக்கு வருகிறேன்.

எங்களுக்கு அடுத்த வீடு நாச்சியாரக்கா வீடு. அவருடைய ஒரே மகன் அழகுராஜா பட்டாளத்தில் இருக்கிறான். போன வருஷம் அவனை லடாக்கில் மேலே ஏதோ ஒரு மலையில் போட்டார்கள். முதல் தடவை போன் செய்தபோது, "இங்க காத்தே கம்மிம்மா, ரெண்டடி நடந்தா மூச்சு வாங்குது" என்று பயல் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். அக்காவுக்கு அன்றைக்குப் போன தூக்கம் திரும்பி வரவில்லை. மறுநாளே கருப்பசாமி கோயிலுக்குப் போய், மகன் நல்லபடியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் பங்குனிப் பொங்கலுக்குச் சேவல் அறுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார். மதினியிடமே ஒரு செஞ்சேவல் குஞ்சை வாங்கி வளர்த்தார்.

நேர்ந்துவிட்ட சேவலை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, 'சூ' என்றுகூடச் சொல்லக் கூடாது. அந்தச் சேவலுக்கு அது தெரியும் என்று நான் சத்தியம் செய்வேன். மாடியில் என் மனைவி காயவைத்த நிலக்கடலையை என் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம், அப்படி வாழ்வு வந்த சேவல் அது.

பங்குனி பிறந்தது. வெயில் தாங்கவில்லை. சாமிக்குப் போகிற சேவல் மண்ணில் புரளக் கூடாது, நாய் கடித்துவிடக் கூடாது, கண் பட்டுவிடக் கூடாது என்று அக்காவுக்கு ஆயிரம் கவலை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையை ஒழித்து, சேவலை அதற்குள் குடிவைத்தார். துணைக்கு ஒரு பெட்டை. அக்காவின் வீட்டுக்காரர் குருசாமி அண்ணாச்சிக்கு மில் குடோனில் வேலை. அங்கே கழிவுப் பஞ்சு விலைக்குக் கிடைக்கும். அதை இரண்டு சாக்கு வாங்கி வந்து தரை முழுக்கக் கணுக்கால் உயரத்துக்கு மெத்தை போட்டார்கள். ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அறைக்குள் குளுமைக்குத் தினமும் தண்ணீர் தெளித்தார்கள். என் வீட்டில் நானே பாயில்தான் படுக்கிறேன்.

பொங்கலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சேவல் கூவுவதை நிறுத்தியது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு இரை எடுக்கவில்லை. பிறகு கழுத்தை நீட்டி வாயைப் பிளக்க ஆரம்பித்தது. அண்ணாச்சி மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கிச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். அக்கா மிளகும் பூண்டும் இடித்துக் கொடுத்தார். ஒன்றுக்கும் அடங்கவில்லை. அதற்கப்புறம்தான் மதினியைக் கூப்பிட்டார்கள். கோழி கொடுத்த வீட்டிலேயே குறை சொன்னமாதிரி ஆகிவிடுமோ என்று அக்காவுக்குக் கூச்சமாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

மதினியும் நானும் கருக்கல் நேரத்தில் போனோம். கோழி அடைந்த பிறகு கேட்டால்தான் மூச்சு தெளிவாகக் கேட்கும் என்பது மதினியின் முறை. பேச்சை நிறுத்தச் சொன்னார், டி.வி.யை அமர்த்தச் சொன்னார், மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார். அறை வாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். சேவல் கழுத்தை நீட்டியது, வாயைப் பிளந்தது, மூடியது. நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே மதினி."

"அதான் கொழுந்தனாரே. எனக்கும் கேக்கல."

அவர் முகம் மாறியிருந்தது. சளி என்றால் கொறகொறப்பு இருக்கும். இது இந்தத் திணறு திணறுகிறது, சத்தமே இல்லை. செல்போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்தார், அம்மை இல்லை. முகத்தை மோந்தார், நாற்றம் இல்லை. எச்சத்தைப் பார்த்தார், கழிச்சல் இல்லை.

"யக்கா, ஒங்க மத்த கோழிக எங்க அடையுது?"

"அது வேப்பமரத்துல. அதுகளுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு. இதுக்குத்தான் கண்ணு பட்டுப்போச்சு."

"ஒரே தீனி, ஒரே தண்ணி. குப்பையில கெடக்குறது அம்புட்டும் நல்லா இருக்கு. மெத்தையில படுத்த ரெண்டுக்கு மட்டும் நோக்காடா?"

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனார். மேல் பஞ்சை விலக்கி அடிப்பஞ்சில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். மேலே வெள்ளையாக இருந்த பஞ்சு அடியில் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. பூஞ்சை வாடை வாசல்வரைக்கும் வந்தது. மதினி அதை எங்களுக்குக் காட்ட வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை, இருமல் வந்தது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு சேவலுக்காக இந்த அம்மாள் தன் உயிரைக் கொண்டுபோய் அந்த அறைக்குள் நீட்ட வேண்டுமா என்று கோபம் கோபமாக வந்தது.

இருமல் அடங்கியதும் முதல் வார்த்தையாக, "இந்தப் பஞ்சுதான்க்கா" என்றார். "பஞ்சு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா?"

ராத்திரியோடு இரண்டையும் காற்றோட்டமான பஞ்சாரக் கூடைக்கு மாற்றினோம். விடிந்து பார்த்தால் பெட்டை செத்துக் கிடந்தது. அக்கா அதைப் புதைக்கக் கடப்பாரையை எடுத்துவிட்டார். மதினி தடுத்தார்.

"அது சும்மா சாகலக்கா. நமக்கு ஒரு விசயம் சொல்லிட்டுப் போகட்டும். கொழுந்தனாரே, வண்டிய எடுங்க."

ஆக, ஒரு வேலை நாளில் கடையைச் சாத்திவிட்டு, பின்னால் மதினி, மதினி மடியில் கூடைக்குள் சாமி சேவல், வண்டியின் முன் கொக்கியில் பாலிதீன் பைக்குள் செத்த கோழி என்று நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் தெரிந்தவர் ஒருவர் நிறுத்தி, "என்னப்பா, பால்கோவா வாங்க வந்தியா?" என்று பையையே பார்த்துக் கேட்டார். இல்லை அண்ணாச்சி, பிரேதப் பரிசோதனைக்கு என்றேன். நம்பவில்லை.

டாக்டர் யுவராணி மதினி சொன்னதை முழுக்கக் கேட்டார். பஞ்சையும் கொண்டுபோயிருந்தோம், மோந்து பார்க்காமல் எட்டவே வைத்துப் பார்த்தார். பெட்டையைத் திறந்து எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நுரையீரலில் அரிசிக் குருணை தூவினதுபோல் மஞ்சள் மஞ்சளாக முடிச்சு.

"பூஞ்சைதான். நீங்க சந்தேகப்பட்டது சரி. சளி மாத்திரை இதை ஒண்ணும் செய்யாது. சேவலுக்கு இப்பத்தான் ஆரம்பம் மாதிரி தெரியுது. மருந்து தரேன், ஆனா முழு உறுதி சொல்ல முடியாது. பாதி மருந்து நல்ல காத்துதான்."

மதினி தலையாட்டினார். டாக்டர் எழுதிக்கொண்டே, "இன்னொண்ணு. இந்த மருந்து உள்ள போச்சுன்னா, நான் சொல்ற வரைக்கும் அறுத்துச் சாப்பிடக் கூடாது" என்றார்.

அங்கேதான் முடிச்சு விழுந்தது.

பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். எங்கள் கருப்பசாமிக்கு அறுக்கிற சேவலைக் கோயிலிலேயே சமைத்து, வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். அறுத்துவிட்டுப் புதைத்தால் சாமி வாயில் மண் போட்டதுபோல. நோய்ப்பட்ட சேவலும் ஆகாது. வேறு சேவலை மாற்றவும் கூடாது, நேர்ந்தது நேர்ந்ததுதான். மருந்து கொடுத்தால் நேர்ச்சை தவறும். கொடுக்காவிட்டால் சேவல் பொங்கல்வரைக்கும் தாங்காது. மருந்து பாட்டிலை மதினி முற்றத்தில் வைத்தபோது நாச்சியாரக்கா அதைத் தொடவேயில்லை.

"ஏட்டி செல்வி, இது வாயப் பொளக்கும்போதெல்லாம் எம்புள்ள அங்க மூச்சுக்கு ஏங்குற மாதிரியே இருக்கு. சொன்ன நாள்ல செய்யாம விட்டு, அவனுக்கு ஒண்ணுன்னா நான் யாரப் போயிக் கேப்பேன்?"

அப்படியே உட்கார்ந்து அழுதார். கடலை தின்ற சேவல்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மதினி ஆறுதல் சொல்கிற ஜாதி இல்லை. அக்காவின் போனை எடுத்து அழகுராஜாவுக்கு வீடியோ கால் போட்டார். இரண்டு தடவை போகவில்லை, மூன்றாவது தடவை கிடைத்தது. கம்பளித் தொப்பிக்குள் பயலின் முகம் விட்டு விட்டுத் தெரிந்தது.

"ராசா, நீ மொதல்ல அங்க போனப்ப என்ன செஞ்சாங்க ஒன்னய?"

"என்ன அத்தை திடீர்னு? ஒண்ணும் செய்யல. நடக்காத, ஓடாத, சும்மா கெடன்னு வச்சிருந்தாங்க. மூச்சு பழகுனதுக்குப் பொறவுதான் மேல ஏத்துனாங்க."

"பழகலன்னா?"

"என் கூட வந்தவனுக்குப் பழகல. திணற ஆரம்பிச்சதும் அந்நேரமே கீழ எறக்கிட்டாங்க. பரேடாவது பூசையாவது, மூச்சுக்கு அப்புறந்தான் எல்லாம். இப்ப நல்லாருக்கான்."

மதினி போனை அக்காவின் கையில் கொடுத்தார். "பட்டாளத்துலயே நாளு பாக்கல. கருப்பசாமிதான் பாக்கப்போறாரா? ஒங்க மகன்கிட்டயே கேளுங்க."

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அழுகை நடுவில் பாதி புரிந்திருக்கும் அவனுக்கு. "சேவலக் கீழ எறக்கும்மா" என்றான். "நான் லீவுல வந்து, நானே கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறேன். என் நேர்ச்சை, நான் இல்லாம எதுக்கு?"

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு மருந்து பாட்டிலை எடுத்தார்.

அந்த அறையைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு வந்தது. மதினியை உள்ளே விடமாட்டேன் என்று நான்தான் சண்டை போட்டேன். அவர் வாசலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தார். துண்டால் மூக்கைக் கட்டுங்க. முதலில் தண்ணீர் தெளிங்க, காய்ந்தபடி வாரினால் அம்புட்டும் பறக்கும். சாக்கில் அமுக்கிக் கட்டுங்க. சுண்ணாம்பு அடிங்க. எல்லாம் செய்தேன். சேவலை வேலியோரம் காற்று வருகிற நிழலில், காய்ந்த மணல் பரப்பிய கூட்டில் வைத்தோம். காலையும் மாலையும் சொட்டு சொட்டாக மருந்து. மதினி தினமும் சாயந்திரம் அதன் முன்னால் உட்கார்ந்து கழுத்தைப் பார்ப்பார். நீட்டல் குறைகிறது என்பார் ஒரு நாள். இரை தேடுகிறது என்பார் ஒரு நாள். ஒருநாள்கூட, பிழைக்குமோ என்று இழுத்துப் பேசவில்லை.

பொங்கலன்று அக்கா சேவல் இல்லாமல் வெறும் பொங்கல் பானையோடு கோயிலுக்குப் போனார். பூசாரி முணுமுணுத்தார். "என் புள்ள வந்து குடுப்பான், சாமி செத்த நேரம் பொறுக்கட்டும்" என்று அக்கா சொன்னாராம். அது மதினியின் குரல் என்று எனக்குத் தெரியும்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். வேலியோரத்திலிருந்து ஒரு சத்தம். கரகரத்து, பாதியில் உடைந்து, மறுபடி எழும்பி முழுசாக ஒரு கூவல். அகாலத்தில் சேவல் கூவினால் ஆகாது என்பார்கள். நாச்சியாரக்கா அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்து, கூவு சாமி, கூவு என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் காலை அது என் மாடியில் இருந்தது. கடலையைத் தின்றது.

அழகுராஜா ஆடியில் லீவில் வந்தான். அதற்குள் டாக்டரிடம் போனில் கேட்டு, இனி அறுக்கலாம் என்று மதினி சொல்லியிருந்தார். சொன்னபடியே அவன் சேவலைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். தண்ணீர் தெளித்தார்கள், சேவல் சிலிர்த்தது, சாமி உத்தரவு கொடுத்தது. இதில் கண்ணீர் விட ஒன்றுமில்லை, நேர்ந்தது அதற்குத்தான். குழம்பு அருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் சமைக்கிறதற்கு முன்னால் ஒன்று நடந்தது. மதினி, அறுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தவரிடம் போய், அந்த நுரையீரலை மட்டும் எனக்குக் காட்டுங்க என்றார். ஒரு பூவரச இலையில் வைத்துக் கொடுத்தார்கள். மதினி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரத்தில் இரண்டு சின்ன வடு, காய்ந்து சுருங்கி. மற்றதெல்லாம் நல்ல ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"ஆறிருச்சு" என்றார். "பாருங்களேன் கொழுந்தனாரே, தழும்பு மட்டுந்தான் இருக்கு."

இத்தனை நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பந்தயத்தில் ஜெயித்த மாதிரி இலையை என்னிடம் நீட்டினார். கையை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். இன்னொரு கை தன் நெஞ்சின்மேல் போய் நின்றது. அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

"பஞ்ச விட்டு வந்து எம்புட்டு வருசமாச்சு. எனக்கும் உள்ள இப்படித்தான் ஆறியிருக்கும்லா?"

கோழியின் மூச்சைக் கேட்டு நோயைச் சொல்கிறவர், கேள்வி கேட்டே மற்றவர்களைத் திணறடிக்கிறவர், அன்றைக்கு என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்தது மோட்டார் மட்டும்தான். சமையல் புகை வராத பக்கமாக அவருக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டேன்.

"ஆறியிருக்கும் மதினி," என்றேன். "இப்படி உக்காருங்க. இங்கதான் காத்து வருது."